புளி மணந்த துப்பாக்கி

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் உள்ள ஒரு வீட்டில், இரும்பு பீரோவிலிருந்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வெளியே எடுக்கப்பட்டது. அதற்கு உரிமம் கிடைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்கென்று வாங்கிய இருபத்தைந்து தோட்டாக்களில் ஒன்று குறைந்திருந்தது.

துப்பாக்கியின் சொந்தக்காரர் ஜெபகுமாரி அதை இரு கைகளிலும் ஏந்தி நீட்டினார். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்திரண்டு வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் பிலிப்ராஜ் இறந்தபிறகு இந்த வீட்டில் தனியாக இருக்கிறார்.

கோகிலவாணி வாங்கிக்கொள்ளவில்லை. வேலூரில் பதினான்கு வருடமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். வருகிற வேலையில் முக்கால்வாசி கல்யாண விசாரணைதான். மீதிக் கால்வாசியில்தான் பெயர் வாங்கியிருந்தாள்.

“நீங்களே மடக்கிக் காட்டுங்க சிஸ்டர். உள்ள தோட்டா இல்லைனு மொதல்ல கண்ணால பாத்துக்கறேன்.”

ஜெபகுமாரி குழலை வெளிச்சுவர்ப் பக்கம் திருப்பினார். விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு துப்பாக்கியை மடக்கினார். உள்ளே காலி. பிறகுதான் கோகிலவாணியின் உதவியாளன் பெல்வின் குனிந்து குழலை முகர்ந்தான். கார் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, வாய் ஓயாமல் இருப்பது, இந்த மூன்றும் அவன் வேலை.

“இன்னா மேடம் இது? வெடிமருந்து வாசனை வரும்னு பாத்தா ரசம் வாசனை வருது. தாளிக்க மட்டும்தான் மறந்துட்டாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. கோகிலவாணியும் முகர்ந்தாள். புளிதான். சந்தேகமே இல்லை.

“சொல்லுங்க சிஸ்டர். போன்ல சொன்னது பாதிதான்.”

ஜெபகுமாரி சொன்னார். வார்டில் டியூட்டி மாற்றும்போது சொல்வதுபோல, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

இரண்டு வருடம் முன்பு முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர் வீட்டுக்குள் வந்தார்கள். சங்கிலியைப் பறித்தார்கள். வலது மணிக்கட்டை முறித்தார்கள். ஒருவன் ஒரே ஒரு வாக்கியம் பேசினான்: “கத்துனா அவ்ளோதான், பெரிம்மா.” அந்தக் குரல் பக்கத்து ஊர் வெற்றிச்செல்வனுடையது என்று ஜெபகுமாரி நம்பினார். நிரூபிக்க முடியவில்லை. நிரூபிக்க முடியாததை மளிகைக்கடையில் நாலு பேர் காதுபட சொல்லியும்விட்டார்: ‘அந்தக் குரல் மறுபடி என் வாசல்ல கேட்டா சுட்டுடுவேன்.’

அதற்கப்புறம் துப்பாக்கி உரிமத்துக்கு மனு போட்டார். போலீஸ் விசாரணை, தாலுகா ஆபீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ் என்று பதினாறு மாதம் அலைந்தார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் வார்டு போர்டில் எழுதுகிற மாதிரி குண்டு எழுத்தில் எழுதி பீரோவின் உள்கதவில் ஒட்டினார். துப்பாக்கி ஓர் அறையில், தோட்டா வேறோர் அறையில். பீரோ சாவி, ஹாலில் யாரும் தொடாத பழைய தெர்மாஸ் பிளாஸ்க்குக்குள். தோட்டாக்கள், சமையலறைப் பரண்மேல் டிபன் கேரியரின் அடித்தட்டில். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்ததும் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவார். ஒருமுறைகூட அதைச் சுட்டதில்லை.

“இந்த ஞாயித்துக்கிழமை?”

“துடைக்கல. சனிக்கிழமை பூரா வாணியம்பாடியில இருந்தேன், தங்கச்சி மக நிச்சயதார்த்தம். வந்த களைப்புல மறுநாள் கோயிலுக்குக்கூடப் போகல. ராத்திரி தூக்க மாத்திரை போட்டுப் படுத்தேன்.”

அந்த ஞாயிறு இரவுதான் வீட்டுக்குப் பின்னால் இருநூறு அடி தள்ளி, ஓடைக்கரைப் புதரில், வெற்றிச்செல்வன் தொடையில் குண்டு பாய்ந்து விழுந்திருக்கிறான். திங்கள் காலை பால்காரர் பார்த்துக் கத்தினார். திருப்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இன்னும் நினைவில்லாமல் கிடக்கிறான். சத்தம் கேட்டு ஜெபகுமாரி பீரோவைத் திறந்தார். குழல் ஈரவாசனை அடித்தது. அதன் வாயில் தேங்காய் நாரை உருட்டி அடைத்திருந்தது. டிபன் கேரியரில் இருபத்து நாலு தோட்டா இருந்தது.

“இன்ஸ்பெக்டர் இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள துப்பாக்கிய தோட்டாவோட ஸ்டேஷனுக்குக் கொண்டு வரச் சொல்லியிருக்கார். ஒண்ணு எங்கன்னு கேப்பார்.” ஜெபகுமாரி தன் வலது கையைப் பார்த்தார். “எனக்குத் தெரிஞ்சாகணும் மேடம். நான்தான் சுட்டேன்னா, சுட்டேன்னு சொல்லிட்டுப் போறேன். தெரியாம இருக்கறதுதான் தாங்கல.”

“நீங்க சுட்டிருப்பீங்கன்னு ஏன் நினைக்கிறீங்க?”

“மாத்திரை போட்டா நான் எழுந்து நடப்பேன். போன வருசம் ஒரு நாள் காலைல பாத்தா அரிசி களைஞ்சு, தண்ணி அளந்து ஊத்தி வெச்சிருக்கு. வெச்சது நான்தான். ஒரு துளி ஞாபகம் இல்ல.”

நேற்று இரவு முழுக்க அவர் வலது கையை உடம்புக்கு அடியில் வைத்து, அதன்மேல் படுத்திருந்தார். தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தக் குரல் கேட்டது. திறந்தால் வீட்டுக்குள் வேறு யாரோ நடமாடுவதுபோலத் தோன்றியது. அந்த யாரோ தானேதான் என்பது இன்னும் மோசமாக இருந்தது.

கோகிலவாணி ஒரு துண்டை எடுத்தாள். “கண்ணைக் கட்டுறேன். துப்பாக்கியத் துடைச்சு உள்ள வைங்க. யோசிக்காதீங்க.”

“எதுக்கு?”

“தூக்கத்துல நடக்கறவங்க புதுசா ஒண்ணும் செய்ய மாட்டாங்க. கைக்குப் பழகினதைத்தான் செய்வாங்க. அரிசி களைஞ்ச மாதிரி.”

பெல்வின் மெல்ல நாற்காலியின் பின்னால் போய் நின்றான். “காலின்னு தெரியும் மேடம். இருந்தாலும் எனக்குன்னு ஒரு உசுருதான கீது.”

கண் கட்டிய ஜெபகுமாரியின் கைகள் வேலையை ஆரம்பித்தன. மடக்கின. விரல் நுனி தோட்டா அறைக்குள் நுழைந்து காலி என்று தடவிப் பார்த்தது. கம்பியில் துணியைச் சுற்றி, பின்பக்கமிருந்து உள்ளே விட்டு முன்பக்கம் தள்ளின. எண்ணெய்ப் புட்டிக்குத் தானாக நீண்டன. பிறகு துப்பாக்கியை பீரோவில் சாய்த்துக் கதவைச் சாத்திப் பூட்டின. குழலின் வாய்ப்பக்கம் அந்தக் கைகள் ஒருமுறைகூடப் போகவில்லை.

கோகிலவாணி துண்டை அவிழ்த்தாள். “கழுவினது இந்தக் கை இல்ல. பின்னாடி திறக்கற துப்பாக்கியில வளந்த கை இது. வாயில நார் அடைச்சவங்களோட கை, வாய் வழியா மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியில வளந்தது. அந்தக் கரிமருந்து இரும்பைத் தின்னும். சுட்டதும் புளித்தண்ணி ஊத்திக் கழுவி, வெயில்ல காய வெச்சு, ஈரமோ குளவியோ போகாம வாயை அடைச்சு வைப்பாங்க. மலையில எல்லா வூட்லயும் முன்ன அப்படித்தான். அந்த நாரை வெச்சிருக்கீங்களா?”

ஜெபகுமாரி எதையும் தூக்கிப்போடாதவர். பஞ்சு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பழுப்பு நாரில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக இருந்தது. கோகிலவாணி நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“மஞ்சள்தூள்.”

“புளி போட்டாச்சு, மஞ்சளும் போட்டாச்சு,” என்றான் பெல்வின். “அடுத்து பெருங்காயம் எங்கனு தேடணும்.”

“வாயை மூடு. சிஸ்டர், வூட்ல தூசி தட்டறது யாரு?”

“சுந்தரம்மா. மலைமேல நெல்லிக்கொல்லைக்காரி. ஆறு வருசமா இருக்கா, வூட்டுச் சாவி ஒண்ணு அவகிட்டயும் இருக்கு. வெள்ளிக்கிழமை அவ அப்பா கருப்பன் தவறிட்டார்னு லீவுல போயிருக்கா.” சொல்லிக்கொண்டே வந்த ஜெபகுமாரி நிறுத்தினார். “இல்ல மேடம். அவளுக்குத் துப்பாக்கின்னாலே பயம்.”

“பயம்னு அவ சொன்னாளா, நீங்களா நினைச்சீங்களா?”

ஞாயிறுதோறும் துப்பாக்கியைத் துடைக்கும்போது சுந்தரம்மாள் கதவோரம் நின்று பார்ப்பாள். கிட்டே வரமாட்டாள். அதைப் பயம் என்றுதான் ஜெபகுமாரி இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருந்தார்.

கார் மலை ஏறியது. மழை விட்டிருந்தாலும் மூடுபனி விடவில்லை. வளைவுக்கு வளைவு சாலை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தனித்தனியாகப் பூட்டிக் காரில் எடுத்து வந்திருந்தார்கள். உரிமப் புத்தகம் ஜெபகுமாரியின் மடியில் இருந்தது. அவர் கண்முன் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தது. பனிக்குள் சுந்தரம்மாள் துப்பாக்கியோடு நிற்கிறாள். எதிரே வெற்றிச்செல்வன். எனக்காகச் சுட்டாளா? நான் மளிகைக்கடையில் பேசினதைக் கேட்டுவிட்டுச் சுட்டாளா?

ஒன்பதாவது வளைவில் செல்போனுக்கு சிக்னல் கிடைத்தது. பெல்வின் காரை ஓரம் கட்டினான். திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் அருணா குரல்பதிவு அனுப்பியிருந்தாள். ஜெபகுமாரியிடம் வேலை பழகியவள் அவள். கோகிலவாணிதான் காலையில் அவளுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள்: தொடையிலிருந்து எடுத்தது என்ன?

அருணாவின் குரல் காரை நிறைத்தது. “மேடம், சைக்கிள் பால்ரஸுதான் மேடம். ஏழு உருண்டை. ரெண்டு ஆணித்துண்டு. ஆளு இப்போ கண்ணு முழிச்சிட்டான். பன்னி சுடப் போனானாம், கெட்டிக்கும்போது தன்னோட நாட்டுத் துப்பாக்கியே வெடிச்சிடுச்சாம். போலீஸ் ஓடையில அதைத் தேடிட்டிருக்காங்க. சிஸ்டர்கிட்ட சொல்லுங்க, அழப் போறாங்க.”

“கடையில வாங்கின தோட்டாக்குள்ள சைக்கிள் உருண்டை இருக்காது,” என்றாள் கோகிலவாணி.

ஜெபகுமாரி அழவில்லை. வெளியே பனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இன்னா சிஸ்டர், சந்தோசமா இல்லியா?” என்றான் பெல்வின்.

“யாரோ என் வூட்டுக்குள்ள வந்து, சாவிய எடுத்து, துப்பாக்கிய எடுத்து, சுட்டுட்டு, கழுவி, அதே இடத்துல வெச்சுட்டுப் போயிருக்காங்க. அந்தத் தோட்டா எங்க போச்சு? வேற யார் மேல பட்டுச்சு? மலையில ஒரு ஆளு செத்துக் கிடந்தா நாலு நாள் கழிச்சுதான் தெரியும்ப்பா.”

பெல்வின் வண்டியைக் கிளப்பினான்.

“வேட்டைக்குப் போறவன் நாருக்கு மஞ்சள் பூச மாட்டான்,” என்றாள் கோகிலவாணி, தனக்கே சொல்வதுபோல.

நெல்லிக்கொல்லையில் இருபது வீடுகள். ஓரத்து வீட்டு வாசலில் சுந்தரம்மாள் தலைமுடியை முடியாமல் உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். பக்கத்தில் அவள் தம்பி சாமை புடைத்துக்கொண்டிருந்தான். காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். ஓடவில்லை, அழவில்லை.

“கூடு கேட்டுதான வந்தீங்க சிஸ்டர்?”

புதுத் தோட்டா வாங்கப் போனால் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டைக் காட்டவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபகுமாரிதான் அவளிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.

“யாரைடீ சுட்ட?”

“யாரையா?” சுந்தரம்மாள் அவரை விநோதமாகப் பார்த்தாள். பிறகு வானத்தைக் காட்டினாள். “அதைத்தான்.”

தம்பி முறத்தைக் கீழே வைத்தான். “சனிக்கிழமை மத்தியானம்ங்க. அப்பாவைக் குழியில எறக்கறதுக்கு முன்ன. ஊரே நின்னுச்சு.”

அவன்தான் மிச்சத்தைச் சொன்னான். அவர்கள் வகையறாவில் துப்பாக்கி பிடித்த ஆளை வெடிச்சத்தம் இல்லாமல் மண்ணுக்குள் வைப்பதில்லை. ஒரு வெடி கேட்டால்தான் அவன் வேட்டை முடிந்தது என்று புரிந்துகொண்டு படுப்பான். கேட்காவிட்டால் துப்பாக்கியைத் தேடி வீடு வீடாக வருவான். கருப்பனின் நாட்டுத் துப்பாக்கி இரண்டு வருடம் முன்பு, எல்லோரும் கொண்டுவந்து ஒப்படைக்கவேண்டும் என்று போலீஸ் சொன்ன நாளில் போய்விட்டது. கடைசி ஒரு மாதம் படுக்கையிலிருந்த கிழவர் ‘என் துப்பாக்கிய எங்க வெச்சீங்க’ என்று சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“கோயில் வேட்டு போடலாம்னு நாங்க சொன்னோம்ங்க. அக்காதான் ஒத்துக்கல. பாய் எடுத்துட்டு வர்றேன்னு விடிகாலை பஸ்ஸுல கீழ போச்சு. பாயில இன்னா இருந்துச்சுன்னு இங்க வந்து விரிச்சப்போதான் எனக்கே தெரியும்.”

“கோரைப்பாயில சுத்தி டவுன் பஸ்ஸுலயா?” பெல்வின் வாயைப் பிளந்தான். “கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டாரா?”

“போட்டாரு,” என்றாள் சுந்தரம்மாள்.

கோகிலவாணி நாரைக் காட்டினாள். சுந்தரம்மாள் தலையசைத்தாள். அப்பாவுக்கு உடைத்த தேங்காயின் நார் அது. மஞ்சள் தடவி உடைத்தது. சின்ன வயதிலிருந்து அப்பாவின் துப்பாக்கியைக் கழுவுவது அவள் வேலை. சுட்ட துப்பாக்கியைக் கழுவாமல் வைத்தால் வீட்டுக்கு ஆகாது. மத்தியானமே அடுத்த பஸ்ஸில் கொண்டுபோய், துணிக்கொடியின் அடியில் நாலு முறை புளித்தண்ணீர் ஊற்றிக் கழுவி, காய வைத்து, நார் அடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பிளாஸ்க்கில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஜெபகுமாரி நிச்சயதார்த்தத்திலிருந்து திரும்ப இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

“அது வேற மருந்துடீ,” என்றார் ஜெபகுமாரி. என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே பேசினார். “அதுக்கு எண்ணெய்தான். புளி ஊத்தினா துருப்புடிக்கும்.”

“எனக்கு இன்னா தெரியும்? நல்லா இருக்கணும்னுதான் கழுவினேன்.”

“ஏன்டீ என்கிட்ட கேக்கல?”

“கேட்டா நீங்க தரமாட்டீங்க. சட்டம்னு சொல்லுவீங்க. அது சரிதான், நீங்க அப்படித்தான் சொல்லணும். ஆனா நீங்க இல்லைனு சொன்ன பெறவு நான் எப்படி உங்க வூட்ல வந்து பாத்திரம் கழுவறது? அதான் கேக்கல.”

வீட்டுக்குப் பின்னால் கருப்பனின் குழிமேட்டில் கல் அடுக்கியிருந்தார்கள். காய்ந்த சாமந்தி மேல் பனி இறங்கியிருந்தது. ஜெபகுமாரி அதன் முன்னால் நின்றார். சாவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். வரவில்லை.

“கூடு எங்கம்மா?” என்று மெதுவாகக் கேட்டாள் கோகிலவாணி.

“அப்பா கையில.”

பெல்வின் தொப்பியைக் கழற்றினான்.

மணி இரண்டரை. கோகிலவாணி ஜெபகுமாரியைத் தனியாக அழைத்துப்போனாள். “வெற்றிச்செல்வன் விவகாரத்துல உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அந்த ஒரு தோட்டா மட்டும்தான். சோதிச்சுப் பாக்க நானே சுட்டேன்னு நீங்க எழுதிக் கொடுத்தா நோட்டீஸோட போயிடும். உண்மையைச் சொன்னா அவ மேல கேஸ் வரும். உங்க லைசென்ஸும் போகும். அதைத் தீர்மானிக்கறது உங்க பாடு. நான் கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடிச்சிட்டேன்.”

“நான் எல்லாத்தையும் எழுதி ஒட்டினேன் மேடம். ஒண்ணு விடாம.”

“எல்லாம் வெளியேருந்து வர்றவனுக்காக எழுதினது. சாவி இருக்கற இடம் இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா அதுக்குப் பேரு பூட்டில்ல.”

ஜெபகுமாரி வலது மணிக்கட்டைத் தடவினார். குளிருக்கு அந்த முறிவு இன்னும் வலிக்கும். நானே சுட்டேன் என்று எழுதிவிடலாம். எளிதுதான். இரண்டு நாளாக அதைச் சொல்லத்தானே தயாராக இருந்தார். ஆனால் அது உண்மையாக இருக்குமோ என்ற பயத்தில் சொல்ல இருந்தார். பொய் என்று தெரிந்தபின் அந்தக் கை எழுத மறுத்தது. இதை எழுதினால் இந்த வீட்டில் நடக்கிற ஒவ்வொன்றையும் இனி எந்தக் கை செய்தது என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

திரும்பிப் பார்த்தார். சுந்தரம்மாள் முடியை அள்ளி முடிந்து, வேறு புடவை கட்டி, காரின் பின்கதவருகே நின்றிருந்தாள்.

“நீ எங்க கிளம்பிட்ட?”

“அஞ்சு மணிக்குள்ள போவணும்னு இவரு சொன்னாரு,” என்று பெல்வினைக் காட்டினாள். “சுட்டது நான். நீங்க போய் இன்னா சொல்லுவீங்க?”

கார் மலை இறங்கியது. ஐந்தாவது வளைவில் ஜெபகுமாரி தன் சால்வையின் பாதியை இழுத்து சுந்தரம்மாள் தோளில் போட்டார்.

மாலை 4.40 மணிக்கு ஜெபகுமாரி துப்பாக்கியையும் இருபத்து நான்கு தோட்டாக்களையும் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். இருவரும் தனித்தனியாக வாக்குமூலம் கொடுத்தார்கள். இரண்டும் ஒத்துப்போயின. சுந்தரம்மாள் மீது வழக்குப் பதிவானது. ஒன்பதாம் நாள் ஜாமீன் கிடைத்தது. ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டவர் ஜெபகுமாரி. பத்திரமாக வைக்கத் தவறியதற்காக ஜனவரியில் அவருடைய உரிமம் ரத்தானது. காலிக் கூட்டைத் தோண்டி எடுக்க யாரும் உத்தரவு கேட்கவில்லை.